சான்றும் துணிபும்

புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிவதைக் கருதலளவை என்பர் அளவை நூலார். ஆனால், கிடைக்கும் சான்று ஐயத்திற்கும் இடம் தருவதாயின் எவ்வளவு துணியலாம்? இவ்வினாவிற்கு எண்ணால் விடை காண முற்பட்டவர் இங்கிலாந்து நாட்டுக் கிறித்தவப் போதகர் தாமஸ் பேய்ஸ். அவர் 1761இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் பார்வைக்கு அனுப்பினார். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 1774இல் இந்நெறியைத் தாமாகவே கண்டு, பின்னர் விரித்துரைத்தார்.

எளியதோர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரே தோற்றமுடைய இரு பைகள் உள்ளன. முதற்பையில் 3 சிவப்புப் பந்துகளும் 1 வெள்ளைப் பந்தும், இரண்டாம் பையில் 1 சிவப்புப் பந்தும் 3 வெள்ளைப் பந்துகளும் இருக்கின்றன. கண்ணை மூடி ஒரு பையை எடுக்கிறோம். அது முதற்பையாக இருக்கும் நிகழ்தகவு 1/2. இதுவே நம் தொடக்க எண்ணம்.

பைக்குள் பாராது ஒரு பந்தை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் உள்ளே இட்டுக் குலுக்குவோம். சிவப்பு வரும் வாய்ப்பு முதற்பையில் 3/4; இரண்டாம் பையில் 1/4. ஆகவே, சிவப்பு வருந்தோறும் முதற்பையின் பக்கம் எடை மும்மடங்காகும். 1க்கு 1 என நின்ற விகிதம் 3க்கு 1 ஆக, நிகழ்தகவு 3/4க்கு உயர்கிறது. மீண்டும் சிவப்பெனில் விகிதம் 9க்கு 1, நிகழ்தகவு 9/10. மூன்றாம் முறை வெள்ளை வருமாயின் விகிதம் மறுபடியும் 3க்கு 1 எனத் தாழும். சான்று வரும் திசைக்கேற்ப நம் துணிபு ஏறவும் இறங்கவும் வேண்டும் என்பதே இந்நெறி.

இதில் கருதத்தக்கன இரண்டு. எடுத்த ஒரே பந்தைப் பதின்மர் பத்து முறை காட்டினும் அது பத்துச் சான்றாகாது. ஒருவர் வாய்ச் செய்தி ஊரெங்கும் எதிரொலிப்பதும் அத்தகையதே.

மற்றொன்று இன்னும் முதன்மையானது. ‘இது முதற்பையாக இருக்கவே முடியாது’ எனச் சுழியத்தில் தொடங்குவோமாயின், எத்தனை சிவப்புப் பந்துகள் வரினும் பயனில்லை. சுழியத்தை மும்மடங்காக்கினும் சுழியமே. ‘இவனுக்குப் படிப்பு வாராது’ என முற்றாக முடிவு கட்டிய ஆசிரியர்க்கு அம்மாணவனின் அடுத்த பத்து விடைத்தாள்களும் ஒன்றும் உணர்த்தா. நன்கு எழுதினால் பார்த்து எழுதினான் என்பார். தவறினால் நான் சொன்னதே என்பார்.

முன்னெண்ணம் இன்றி எவரும் சிந்திக்கத் தொடங்குவதில்லை. எனினும், பிறரைப் பற்றிய அவ்வெண்ணத்தில் சிறியதோர் ஐயத்திற்கேனும் இடம் வைப்போம். அவ்விடம் இருந்தாலன்றோ, நாளை வரும் சான்று நமக்கு எதையேனும் கற்பிக்க இயலும்!