தொழிற்களப் பாதுகாப்புத் திட்டமும் பைப்பர் அல்பா விபத்தும்

பாதுகாப்புத் திட்டம் எதுவுமில்லாத தொழிற்களத்தில் விபத்து நேர்வதில் வியப்பில்லை. எழுத்தளவில் நிறைவான திட்டமும், அதற்கெனப் படிவங்களும் அலுவலரும் அமைந்திருந்த தொழிற்களம் ஒன்றே ஓரிரவில் அழிந்தமைதான் ஆராய்தற்குரியது. வட கடலில், ஸ்கொட்லாந்தின் அபடீன் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 120 மைல் தூரத்தில் நின்ற பைப்பர் அல்பா என்னும் எண்ணெய் மேடை 1988 ஆம் ஆண்டு யூலை 6 ஆந் திகதி இரவு தீக்கிரையாயிற்று. மாண்டோர் 167 பேர். அவர்களுள் இருவர் மீட்கச் சென்றவர்கள். மேடையிலிருந்து உயிர் தப்பியவர்கள் 61 பேரே.

தொழிலாளரின் பாதுகாப்பை முற்காலத்துச் சட்டங்கள் விதிகளின் தொகுதியாகவே கருதின. இயந்திரத்துக்கு வேலி, கொதிகலனுக்குப் பரிசோதனை, கட்டடத்துக்கு வெளியேறும் வழி என ஒவ்வொன்றாக விதித்தன. இலங்கையின் 1942 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் அம்மரபினதே. பிரித்தானியாவில் றொபென்ஸ் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1972 இல் வெளியிட்ட அறிக்கை இம்மரபின் குறையை எடுத்துக்காட்டிற்று. விதிகள் பெருகப் பெருக, பாதுகாப்பு என்பது அரசாங்கப் பரிசோதகரின் பொறுப்பு என்னும் எண்ணமே வலுப்பெற்றது. ஆபத்தை உண்டாக்குவோரும் அதனோடு வாழ்வோருமே அதனைக் கட்டுப்படுத்தும் முதற் பொறுப்பினர் என்பது அக்குழுவின் கொள்கை. (அபவான் கிராமத்தில் 1966 இல் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து 116 சிறுவர் உட்பட 144 பேர் மாண்டபோது நிலக்கரிச் சபையின் தலைவராயிருந்தவரும் இதே றொபென்ஸ் பிரபுவே என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.) இக்கொள்கையின் வழி 1974 இல் எழுந்த சட்டம், பாதுகாப்புக் கொள்கையை எழுத்தில் வகுத்து நடைமுறைப்படுத்தும் கடமையைத் தொழில் வழங்குநர் மீது சுமத்திற்று.

அத்தகைய திட்டத்தின் உறுப்புகளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆபத்துகளை முன்கூட்டி இனங்காணல், அவற்றைத் தடுத்தல், பயிற்சி, மேற்பார்வை, நேர்ந்த பிழைகளை ஆராய்தல் என்பன யாவரும் அறிந்தவை. ஆனால் தடுக்கும் முறைகளுக்குள் ஒரு வரிசை உண்டு என்பது அடிக்கடி மறக்கப்படுகின்றது. தீங்கு தரும் பொருளை அறவே நீக்குதல் முதலாவது. இயலாவிடின் தீங்கு குறைந்த பிறிதொன்றை வைத்தல். அதன்பின் பொறியமைப்பால் மனிதனையும் ஆபத்தையும் பிரித்தல். பின்னரே விதியும் எச்சரிக்கையும். முகமூடியும் தலைக்கவசமும் இறுதியில். தூசி நிறைந்த ஆலையில் தூசியை உறிஞ்சும் அமைப்பை நிறுவாது தொழிலாளருக்கு முகமூடி மட்டும் வழங்குவது, இவ்வரிசையைத் தலைகீழாக்குவதாகும். மலிவானது என்பதாலேயே அது பலவிடத்தும் முதலிடம் பெறுகின்றது.

உடல்நலத்துக்கும் இது பொருந்தும். நோயாளியிடம் அவனுடைய தொழில் யாதென வைத்தியர் வினவ வேண்டும் என 1700 இல் இத்தாலிய வைத்தியரான றமசீனி வற்புறுத்தினார். கல்நார்த் தூசியால் வரும் நோய் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே வெளிப்படுவதால், விபத்துகளை மட்டும் எண்ணும் திட்டம் அதனைக் காணவே மாட்டாது.

இனிப் பைப்பர் அல்பாவை நோக்குவோம். அதனை நடத்திய ஒக்சிடென்ரல் கம்பனியின் பாதுகாப்பு ஒழுங்குகளுள் முதன்மையானது வேலை அனுமதிப் பத்திர முறை. பத்திரமின்றி எக்கருவியும் திருத்தப்படலாகாது. வேலை முடிந்து பத்திரம் மீளக் கையளிக்கப்படும்வரை அக்கருவி இயக்கப்படலாகாது. வாயுவிலிருந்து ஒடுங்கிய எரிதிரவத்தைச் செலுத்த அங்கே இரண்டு பம்பிகள் இருந்தன. அன்று முதலாம் பம்பி பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டது, அவ்வேலை தொடங்கப்பெறவில்லை. அதே பம்பியோடு தொடர்புடைய அமுக்கப் பாதுகாப்பு வால்வு மட்டும் சோதனைக்காகக் கழற்றப்பட்டு, அவ்விடம் மூடுதட்டு ஒன்றால் மூடப்பட்டது. மாலையில் வால்வை மீளப் பொருத்தப் பாரந்தூக்கி கிடைக்காமையால் வேலை மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இவ்விரு வேலைகளுக்கும் இரண்டு பத்திரங்கள் இருந்தன. ஒன்று மற்றதைக் குறிப்பிடவில்லை. முறைமாற்றத்தின்போது வால்வு பற்றிய செய்தி இரவு முறையினருக்கு வாய்மொழியாகவும் சொல்லப்படவில்லை. ஒத்திவைத்த பத்திரங்களோ கட்டுப்பாட்டு அறையில் அன்றிப் பாதுகாப்பு அலுவலகத்தில் வைக்கப்பட்டன. இரவு 9.45 மணியளவில் இரண்டாம் பம்பி நின்றபோது, பராமரிப்புத் தொடங்காத முதலாம் பம்பியை இயக்கலாம் என இரவு முறையினர் கருதினர். அவர்கள் கண்ட பத்திரத்தின்படி அது தவறான முடிவன்று. வால்வு இருந்த இடமோ பம்பியருகே நிற்பவருக்குப் புலப்படாத உயரத்தில் இருந்தது. மூடுதட்டு இறுக்கமாகப் பொருத்தப்படாமையால் எரிதிரவம் கசிந்து, 10 மணியளவில் வெடித்தது.

கசிவு ஒன்றே 167 உயிர்களைக் கொள்ளவில்லை. அங்கிருந்த சுவர்கள் தீயைத் தடுக்க அமைக்கப்பட்டவை. வெடிப்பைத் தாங்க அமைக்கப்பட்டவையல்ல. கட்டுப்பாட்டு அறை முதல் வெடிப்பிலேயே பயனற்றுப் போயிற்று. அவசரகால ஒழுங்குகளோ அவ்வறையை நம்பியே வகுக்கப்பட்டிருந்தன. தீயணைப்பு நீர்ப்பம்பிகள் தாமாக இயங்காதவாறு மாற்றப்பட்டிருந்தன. நீரில் மூழ்கி வேலை செய்வோர் பம்பியின் வாயில் இழுக்கப்படாதிருக்கவே இவ்வேற்பாடு. அவர்கள் அவ்வாயிலுக்கு அருகில் வேலை செய்யும்போது மட்டும் இதனைக் கைக்கொண்டாற் போதுமென முந்திய பாதுகாப்பு ஆய்வொன்று கூறியிருந்தும் பழைய வழக்கமே நீடித்தது. ஒருவரைக் காக்க எடுத்த ஏற்பாடு எல்லோரையும் காக்கும் ஏற்பாட்டை முடக்கியதை எவரும் ஒருங்கே வைத்து நோக்கவில்லை. ஒரே எண்ணெய்க் குழாயோடு இணைந்த கிளேமோர், ராட்டன் என்னும் அயல் மேடைகளும் தீயைக் கண்ட பின்னரும் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. 10.20 மணியளவில் ராட்டனிலிருந்து வந்த வாயுக் குழாய் வெடித்தது. உணவுக்கூடத்திற் கூடிய பலர் புகையால் இறங்க முடியாத ஹெலிகொப்டர்களை எதிர்பார்த்து, கட்டளையும் பெறாது மூச்சுத் திணறி இறந்தனர். தப்பியோரிற் பலர் தாமே முடிவுசெய்து கயிற்றால் இறங்கியோ கடலிற் குதித்தோ பிழைத்தவர்கள்.

விசாரணையை நடத்திய கலன் பிரபு 1990 நவம்பரில் அறிக்கை வெளியிட்டார். அனுமதிப் பத்திர முறை அன்றொருநாள் மட்டும் தவறவில்லை, நாளாந்தம் மீறப்பட்டே வந்தது என்பது அவரது முடிவு. மேலாளர் அதனை அறியாதது ஏன்? குறைபாடு பற்றிய செய்தி எதுவும் மேலே வராமையால் முறை செவ்வனே நடக்கின்றது என அவர்கள் அமைந்திருந்தனர். மௌனத்தை நற்சான்றாகக் கொண்ட இதுவே இவ்விபத்தின் உள்ளீடு எனலாம். எச்சரிக்கை வராமலும் இல்லை. 1987 செப்டெம்பரில் அதே மேடையில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்தபோது, முறைமாற்றத்தில் தகவல் கையளிக்கப்படாமையும் பத்திர முறையின் குறைவும் வெளிப்பட்டன. கம்பனி நீதிமன்றிற் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 1988 யூனில் மேடைக்கு வந்த அரசாங்கப் பரிசோதகரும் நிலைமை திருந்தியதாகவே கருதினார். பரிசோதனை என்பது பத்திரங்களைப் புரட்டுவதோடு அமையாது, வேலை முறை மாறும் வேளையில் இருவர் என்ன பேசுகின்றனர் என்பதையும் கேட்பதாக இருத்தல் வேண்டும்.

கலன் பிரபுவின் 106 பரிந்துரைகளும் ஏற்கப்பட்டன. கடல் மேடைகளின் பாதுகாப்புக் கண்காணிப்பு, எண்ணெய் உற்பத்திக்கும் பொறுப்பாயிருந்த சக்தித் திணைக்களத்திடமிருந்து 1991 இல் நீக்கப்பட்டு, சுகாதார பாதுகாப்பு நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1992 ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மேடையை நடத்துவோரும் தம் மேடையிலுள்ள பேராபத்துகள் யாவை, அவை எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகின்றன, தீ மூளின் தொழிலாளர் எங்கே ஒதுங்கி எவ்வழியால் வெளியேறுவர் என்பவற்றைத் தாமே ஆராய்ந்து எழுதி நிரூபிக்கவேண்டியவராயினர்.