டெலிட் செய்த ஃபைல் அழிவதே இல்லை... தெரியுமா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? பழைய டிரங்க் ரோட்டில் பூச்செடி, புறா, கட்டில், பீரோ என்று கிடைக்காத பொருளே கிடையாது! அந்த வரிசையிலேயே தரையில் விரித்துப் பரப்பியிருப்பார்கள் பாருங்கள்: பழைய லேப்டாப், செல்போன், கழற்றிப் போட்ட ஹார்ட் டிஸ்க்! பேரம் பேசி வாங்குகிறவர் வீட்டுக்கு வெறும் இயந்திரம் மட்டுமா போகிறது? விற்றவரின் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், பிள்ளையின் மார்க் ஷீட், கல்யாண ஆல்பம் எல்லாமே கூடப் போகலாம்! "நான்தான் எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேனே" என்கிறவர்கள் அவசியம் மேலே படியுங்கள்.

டெலிட் பட்டன் எதை அழிக்கிறது தெரியுமா?

பட்டியலில் இருக்கும் ஒரு பதிவை மட்டும்தான்! ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். 'இந்த இடம் இனி காலி' என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வாசலில் மாட்டிய பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் வீட்டுக்குள் இருப்பவர்கள் காணாமலா போய்விடுவார்கள்? அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அங்கேயேதான்!

முதல் எழுத்தைக் கேட்ட கம்ப்யூட்டரைத் தெரியுமா?

பென்டிரைவ்களில் இன்றும் புழங்கும் ஃபேட்-32 முறையில், டெலிட் செய்ததும் பட்டியலில் அந்த ஃபைல் பெயரின் முதல் எழுத்து அடிபட்டு, அங்கே 'இ5' என்ற குறி விழும். ஃபைல் எங்கெங்கே பரவியிருக்கிறது என்ற குறிப்பும் போய்விடும். ஃபைலின் உள்ளடக்கத்திலோ ஒரு புள்ளிகூட மாறாது! 1991-இல் வந்த எம்.எஸ்.டாஸ் 5 என்ற இயங்குதளத்தில் 'அன்டெலிட்' என்றே ஒரு கட்டளை இருந்தது. "முதல் எழுத்து என்ன?" என்று கேட்கும். சொன்னால் ஃபைலைத் திருப்பித் தர முயலும்!

பட்டியலே இல்லாவிட்டாலும் தப்ப முடியாது. ஒவ்வொரு ஜேபெக் படமும் 'எஃப்எஃப் டி8' என்ற இரண்டு பைட்டுகளில்தான் தொடங்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுக்க அந்த அடையாளத்தைத் தேடி, படங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிடும்!

158 பழைய டிஸ்க்குகளில் என்ன இருந்தது தெரியுமா?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கினார்கள். ஓடியவை 129. ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12! மற்றவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க்கில் ஓர் ஏ.டி.எம்.மின் வரவுசெலவுப் பதிவுகள்! இந்த ஆய்வு 2003-இல் வெளியானது.

வானத்திலிருந்து விழுந்த டிஸ்க்கும் பேசியது, தெரியுமா?

2003 பிப்ரவரி 1. கல்பனா சாவ்லா பயணம் செய்த கொலம்பியா விண்கலம் நடுவானில் சிதறியது. அந்தச் சிதைவுகளில் கருகிக் கிடந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஜெனான் வாயு ஆய்வின் தரவுகளில் ஏறத்தாழ 99 சதவீதத்தை மீட்டார்கள்! ஆய்வு முடிவு 2008-இல் வெளியானது. அதற்கே அழியாதது, நம் ஒரு கிளிக்கிலா அழிந்துவிடும்?

35 தடவை வேண்டாம், ஒரு தடவை போதும், தெரியுமா?

மேலே வேறொன்றை எழுதினால்தான் பழையது அழியும். நியூசிலாந்தின் பீட்டர் குட்மன் 1996-இல் 35 முறை எழுதும் வழியைச் சொன்னார். அது அந்தக் கால டிஸ்க் வகைகளையெல்லாம் மனதில் வைத்துச் சொன்னது. 2008-இல் நம் ஹைதராபாத்தில் நடந்த மாநாட்டில் வந்த ஓர் ஆய்வு, இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஒரு முறை முழுசாக எழுதினாலே பழைய ஃபைலை மீட்க வழியில்லை என்று காட்டியது!

எஸ்.எஸ்.டி. சொன்ன பொய் தெரியுமா?

இப்போதைய லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் ஹார்ட் டிஸ்க்கின் சுழலும் தட்டே இல்லை, எஸ்.எஸ்.டி. என்ற சிப்தான். சிப் சீக்கிரம் தேயாமல் இருக்க, ஒரே இடத்தில் எழுதச் சொன்னாலும் அது வேறிடத்தில் எழுதும்! பழையது பின்னால் ஒளிந்திருக்கும். 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஒரு எஸ்.எஸ்.டி. 'அழித்துவிட்டேன்' என்றே பதில் சொன்னது. திறந்து பார்த்தால் அத்தனை தரவும் அப்படியே! காந்தம் காட்டினாலும் சிப் அசைந்துகொடுக்கவில்லை.

ஜெராக்ஸ் மிஷினுக்கும் ஞாபகம் உண்டு, தெரியுமா?

பெரிய டிஜிட்டல் நகல் இயந்திரங்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு! வாடகை முடிந்து திருப்பிக் கொடுத்த இயந்திரத்தின் டிஸ்க்கைத் துடைக்காததால், நியூயார்க்கின் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. ஆபீஸ் மிஷினை மாற்றுகிறவர்கள் கவனிக்க!

அப்படியானால் என்ன செய்வது?

செலவே இல்லை! விண்டோஸ் 10, 11-இல் 'ரீசெட் திஸ் பிசி' போய், 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே 'க்ளீன் டேட்டா'வையும் ஆன் செய்யுங்கள். சில மணி நேரம் ஓடட்டும், அவசரப்படாதீர்கள். எஸ்.எஸ்.டி. என்றால் வாங்கிய நாளிலேயே என்கிரிப்ஷனை, அதாவது தகவலை ரகசியச் சாவியால் பூட்டும் வசதியை, போட்டுவிடுங்கள். புதிய செல்போன்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. ரீசெட் செய்யும்போது நூறு பைட்கூடத் தேறாத ஒரு சாவி அழிகிறது, 128 ஜிபி தகவலும் புரியாத குப்பையாகிவிடுகிறது! ஆனால் மெமரி கார்டை மறக்காமல் கழற்றிக்கொள்ளுங்கள், போனை ரீசெட் செய்தாலும் பொதுவாக அது துடைக்கப்படாது. ஓடாமல் போன ஹார்ட் டிஸ்க்கை விற்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் தட்டுகளைத் துளைபோட்டு உடைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

பழைய பொருள் கைமாறுவது நல்ல வழக்கம். ஒரு கல்லூரி மாணவனுக்கு முதல் லேப்டாப் கிடைப்பது அப்படித்தான்! விற்கும் முன் ஒரு ராத்திரி ஒதுக்கித் துடைத்துவிட்டால், அவனுக்கும் பயனாகும், உங்கள் குடும்பத்துக்கும் பயமில்லை!