ஏலப்பூ தேனீயை எப்படி இழுக்கிறது?

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகும் பஸ், 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மூச்சு வாங்கும் இடம் போடிமெட்டு. அதைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்தால் மலைச்சரிவெல்லாம் ஏலத்தோட்டம். செடிகள் ஆள் உயரத்தையும் மிஞ்சி நிற்கும். ஆனால் பூவைப் பார்க்க அண்ணாந்து பயனில்லை, குனிய வேண்டும். செடியின் தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையை ஒட்டிப் படரும். பூவும் காயும் அந்தச் சரத்தில்தான்.

மரநிழல், அதற்குக் கீழே இலைநிழல், அதற்கும் கீழே ஒரு சின்னப் பூ. அதன் ஆயுளோ ஒரே நாள்! விடியும் முன்பே விரியத் தொடங்கி, மாலைக்குள் வாடிவிடும். அதற்குள் மகரந்தம் சூலகமுடியைச் சேராவிட்டால் பூ உதிர்ந்துவிடும், காய் கிடையாது.

மகரந்தம் அதே பூவில்தானே இருக்கிறது, பிறகென்ன கவலை என்று கேட்பீர்கள். ஏலப்பூவில் சூலகமுடி, மகரந்தப் பைக்குச் சற்று மேலே அமைந்திருக்கிறது. மகரந்தம் தானாக மேலே ஏறாது. யாராவது வந்து தூக்கிவிட வேண்டும். நடக்க முடியாத பூ, பறக்கத் தெரிந்த தேனீயைத் தன்னிடம் வரவழைத்தாக வேண்டும்.

வெள்ளை இதழில் ஊதா நிறக் கோடுகள் ஓடுவதைப் பாருங்கள். எல்லாம் பூவின் நடுப்பகுதியை நோக்கியே போகும். தேன் எங்கே என்று தேனீக்குக் காட்டும் வழி அது. தேனீக்களுக்கு நிறம் தெரியும் என்பதை 1914-ஆம் ஆண்டு வாக்கில் சோதனைகளால் நிரூபித்தவர் கார்ல் வான் ஃபிரிஷ். 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். நமக்குத் தெரியும் சிவப்பு தேனீக்குத் தெரியாது. நம் கண்ணுக்கே எட்டாத புற ஊதா ஒளி அதற்குத் தெரியும். எனவே ஒரே பூ நமக்கு ஒரு விதமாகவும் தேனீக்கு வேறு விதமாகவும் தோன்றும்.

தேன் குழலின் அடியில் இருக்கிறது. அதற்காகத் தலையை நுழைக்கும் தேனீயின் முதுகு, மகரந்தப் பையிலும் சூலகமுடியிலும் உரசுகிறது. வேலை முடிந்தது!

இன்னொரு ஈர்ப்பும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உலர்ந்த தலைமுடியில் பிளாஸ்டிக் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டு போங்கள். துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டும். காற்றை உரசிப் பறக்கும் தேனீயின் உடலிலும் அப்படித்தான் நேர் மின்னூட்டம் சேர்கிறது. மண்ணோடு தொடர்புள்ள செடியின் பூவில் பொதுவாக லேசான எதிர் மின்னூட்டம் இருக்கும். ஆகவே தேனீ நெருங்கும்போது மகரந்தத் துகள் தானே தாவி அதன் மேல் ஒட்டலாம். பூவின் இந்த மின்புலத்தை பம்பிள்பீ என்னும் பெரிய வண்டுத்தேனீயால் உணர முடிகிறது என்று 2013-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஏலப்பூவுக்கு அடுக்குத் தேனீ, மலைத்தேனீ, கொசுத்தேனீ எல்லாமே விருந்தாளிகள். சிக்கல் என்னவென்றால், பூ மிகுதியாகப் பூப்பது ஜூன், ஜூலை மாதங்களில். தென்மேற்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். அடைமழையில் தேனீ கூட்டை விட்டுக் கிளம்பாது. மழை விட்ட காலைப் பொழுது ஒவ்வொன்றும் தோட்டத்துக்கு விலைமதிப்பற்றது. அந்த நேரத்தில் பூச்சிமருந்து அடித்தால் தேனீக்கள் மடியும், காயும் குறையும். அதனால்தான் தேனீக்கள் மும்முரமாகத் திரியும் காலையில் மருந்தடிக்காதீர்கள் என்று வேளாண் அறிவியலாளர்கள் வற்புறுத்துகிறார்கள். சில தோட்டங்களில் செடிகளுக்கு நடுவே தேனீப் பெட்டிகளே வைக்கிறார்கள்.

வீட்டில் அம்மாவிடம் ஓர் ஏலக்காய் கேட்டு வாங்கி உரித்துப் பாருங்கள். உள்ளே மூன்று அறைகள்; கருப்பு விதைகளை எண்ணுங்கள். பெரும்பாலும் பதினைந்து, இருபது இருக்கும். ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் தேவைப்பட்டிருக்கிறது.