கர்ப்பப்பை பயாப்ஸி ரிப்போர்ட் வர ஏன் இத்தனை நாள்? லேபில் நடப்பது இதுதான்!

ரத்தப் பரிசோதனை என்றால் பெரும்பாலும் அன்று மாலையே ரிப்போர்ட் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் கர்ப்பப்பையில் இருந்து எடுத்த திசுவுக்கு மட்டும் "நாலஞ்சு நாள் கழிச்சு வாங்க" என்கிறார்கள். "ஏதோ பெரிய நோய், அதான் இழுக்கறாங்க" என்று வீட்டில் பயம் தொற்றிக்கொள்கிறது. அந்த நாட்களில் லேபில் என்னதான் நடக்கிறது?

முதலில் ஃபார்மலின்

உடலை விட்டு வெளியே வந்ததும் திசு சிதையத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் ஃபார்மலின் திரவம். இது திசுவுக்குள் மணிக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் இறங்கும். சுரண்டி எடுத்த சிறு துணுக்குகளுக்குச் சில மணி நேரம் போதும். முழு கர்ப்பப்பையையும் அகற்றியிருந்தால், அதைத் திறந்து ஓர் இரவாவது ஊறவைக்க வேண்டும்.

மெழுகில் இருந்து கண்ணாடிக்கு

அடுத்து ஆல்கஹால் மூலம் திசுவில் உள்ள நீரை நீக்கி, சைலீன் என்ற திரவத்தில் வைத்து, சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருகிய மெழுகை உள்ளே ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் இரவு முழுக்க மெஷினில் நடக்கும் வேலை இது. இப்படிக் கிடைக்கும் மெழுகுக் கட்டிதான் 'பிளாக்'.

அதை மைக்ரோடோம் என்ற கருவி 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவும். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இந்தச் சீவலைக் கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுகிறார்கள். செல்லின் உட்கரு நீலமாகவும், மற்ற பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஸ்லைடு ரெடி.

பீரியட்ஸ் தேதி எதற்கு?

கர்ப்பப்பையின் உட்படலம் மாதம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சுழற்சியின் முதல் பாதியில் சுரப்பிகள் வளரும். கருமுட்டை வெளியான பிறகு அவை சுருண்டு சுரக்கத் தொடங்கும். 30 வயதுப் பெண்ணுக்கு இயல்பான வளர்ச்சி, மாதவிடாய் நின்றவரிடம் தெரிந்தால் டாக்டர் உஷாராக வேண்டிய விஷயம். அதனால் கடைசி பீரியட்ஸ் தேதி, வயது, எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் மாத்திரை ஆகியவற்றைப் படிவத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.

லேட் ஆனாலே கேன்சரா?

இல்லை. சில நேரம் அதே பிளாக்கில் இன்னும் ஆழமாகச் சீவிப் பார்ப்பார்கள், சிறப்புச் சாயமும் போடுவார்கள். சந்தேகத்தை உறுதிசெய்ய மட்டுமல்ல, நீக்கவும் இது தேவைப்படும். நாள் தள்ளிப்போவதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* திசு பாட்டிலை லேபுக்கு நீங்களே கொண்டுபோனால், அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

* பாட்டிலிலும் படிவத்திலும் பெயர், வயது ஒன்றாக இருக்கிறதா எனப் பாருங்கள்.

* இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால், ரிப்போர்ட்டுடன் ஸ்லைடையும் பிளாக்கையும் லேபில் கேளுங்கள். பிளாக்கில் திசு மிச்சம் இருந்தால் புதிய ஸ்லைடு எடுக்கலாம். பெரும்பாலும் மறுபடி பயாப்ஸி செய்யத் தேவையிருக்காது.