உதைபந்தாட்டக் கழகங்களும் கடன் சுமையும்

உதைபந்தாட்டம் ஆடப்படாத நாடு இன்று உலகில் இல்லையெனலாம். எமது மாணவர் பலர் தம் கல்லூரி அணியின் வெற்றி தோல்விகளை நினைவில் வைத்திருப்பது போலவே, இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் உள்ள பெருங் கழகங்களின் வெற்றி தோல்விகளையும் அறிந்து வைத்திருக்கின்றனர். எந்த ஆட்டக்காரர் எத்தனை கோல் அடித்தார், எவர் எக்கழகத்துக்கு எவ்வளவு பணத்துக்கு மாறினார் என்பன அவர்களுக்கு மனப்பாடம். ஆயின், அக்கழகங்களின் ஐந்தொகையைப் பார்த்தோர் மிகச் சிலரே. பார்ப்போமாயின் ஒரு விந்தை புலப்படும். வருமானம் மிகுந்த கழகங்கள் பல கடனும் மிகுந்தனவாகவே இருக்கின்றன. வறுமையினாற் கடன்படுதல் உலக வழக்கு. செல்வம் பெருகப் பெருகக் கடனும் உடன் பெருகுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வருவாயும் செலவும்

ஒரு கழகத்தின் வருவாய் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகின்றது. ஆட்டம் பார்க்க வருவோர் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் ஒன்று. தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒளிபரப்பு உரிமைக்காகக் கொடுக்கும் பணம் மற்றொன்று. விளம்பரத்தாலும் பொருள் விற்பனையாலும் வருவது மூன்றாவது. செலவோ பெரும்பாலும் ஒரே வழியிற் போகின்றது. அஃது ஆட்டக்காரரின் சம்பளமும், அவர்களைப் பிற கழகங்களிலிருந்து பெறுவதற்குக் கொடுக்கும் விலையுமாகும்.

முன்னாளில் இச்செலவுக்கு ஓர் அணை இருந்தது. இங்கிலாந்தில் 1961 ஆம் ஆண்டு வரையும் எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 20 பவுணுக்கு மேற் சம்பளம் கொடுக்கலாகாது என்பது விதி. ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தஞ் செய்வதாக எச்சரித்ததன் பின்னரே அவ்விதி நீங்கிற்று. நீங்கியவுடன் புல்ஹாம் கழகத்தின் ஜோனி ஹெயின்ஸ் என்பவர் வாரம் 100 பவுண் பெறலானார். 1995 இல் ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மன் என்னும் பெல்ஜிய ஆட்டக்காரரின் வழக்கிற் கூறிய தீர்ப்பினால், ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரர் விலையின்றியே வேறு கழகத்துக்குச் செல்லும் உரிமை பெற்றனர். இவ்விரு மாற்றங்களும் நீதியானவையே. உழைப்பவன் தன் உழைப்பின் மதிப்பைக் கேட்டுப் பெறுவதைக் குறைகூறுவார் இலர். ஆயினும், அணை நீங்கியபின் வெள்ளத்தை வேறெவ்வாறு கட்டுப்படுத்துவது என்பதைக் கழகங்கள் சிந்தித்தில.

மறுபுறத்தில், வருவாயைப் பகிரும் வழக்கமும் தளர்ந்தது. 1983 வரையும் லீக் ஆட்டங்களில் வாசலிற் சேர்ந்த பணத்தில் ஒரு பங்கு விருந்தினராக வந்த கழகத்துக்கும் கொடுக்கப்பட்டது. அது நிறுத்தப்பட்டது. 1992 இல் முதற்பிரிவுக் கழகங்கள் தனித்துச் சென்று பிறீமியர் லீக்கை அமைத்தன. அதன்பின் மேற்பிரிவில் இருப்பதற்கும் அதன் கீழ்ப் பிரிவில் இருப்பதற்கும் இடையேயுள்ள வருமான வேறுபாடு ஆண்டுதோறும் விரிந்து, இன்று பெரும் பள்ளமாகிவிட்டது.

கடன் பிறக்கும் வகை

கடைக்காரன் ஒருவன் தன் அயற்கடைக்காரனிலும் சற்றுக் குறைவாக விற்றாலும் இலாபம் பெறலாம். உதைபந்தாட்டத்தில் அவ்வாறன்று. இருபது கழகங்கள் ஆடும் லீக்கில் முதலிடம் ஒன்றே. இருபது கழகங்களும் செலவை இருமடங்காக்கினாலும் முதலிடம் இரண்டாவதில்லை. மூன்று கழகங்கள் கீழிறங்குவதும் தவறுவதில்லை. ஒரு கழகம் செலவைக் கூட்டினால் மற்றவையும் கூட்டியே தீரவேண்டும். கூட்டாதது கீழே போகும் என்ற அச்சம் எல்லார்க்கும் உண்டு. எனவே வருமானம் எவ்வளவு வளர்ந்தாலும் அது கழகத்தில் தங்காது சம்பளமாக ஓடிவிடுகின்றது. இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவுக் கழகங்கள் பல பருவங்களிலே தம் மொத்த வருமானத்திலும் மிகுதியாகச் சம்பளமே கொடுத்துள்ளன. மேற்பிரிவுக்கு ஏறிவிட்டால் எல்லாக் கடனையுந் தீர்க்கலாம் என்பது அவற்றின் எண்ணம். ஆனால் ஆண்டுதோறும் ஏறுவன மூன்று மாத்திரமே.

லீட்ஸ் யுனைற்றெட் கழகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 2000 ஆம் ஆண்டில் அக்கழகம் றியோ பேர்டினண்ட் என்பவரை 1 கோடியே 80 இலட்சம் பவுணுக்கு வாங்கிற்று. 2001 இல் ஐரோப்பியச் சம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை சென்றது. ஆயின் அதே பருவத்தில் உள்நாட்டு லீக்கில் மூன்றாமிடத்தை ஒரேயொரு புள்ளியால் இழந்து நான்காவதாயிற்று. முதல் மூன்று கழகங்களுக்கே அடுத்த ஆண்டுச் சம்பியன்ஸ் லீக்கில் இடம் கிடைத்தமையால், எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. அதன் பின்னரும் கைச்செலவு குறையவில்லை. அவ்வாண்டிலேயே, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு வரவிருக்கும் நுழைவுக் கட்டணத்தைப் பிணையாக வைத்து 6 கோடி பவுண் கடன் பெறப்பட்டது. அடுத்த பருவத்தில் ஐந்தாமிடம். பின்னர் நல்லாட்டக்காரர் ஒவ்வொருவராக விற்கப்பட்டனர். 2004 இல் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று. எல்லண்ட் றோட் மைதானமே விற்கப்பட்டது. 2007 இல் நிருவாகியின் பொறுப்பில் விடப்பட்டு மூன்றாம் பிரிவுக்கும் இறங்கியது. மைதானத்தை மீட்க 2017 வரையும், மேற்பிரிவுக்கு மீள 2020 வரையும் காத்திருக்க நேர்ந்தது. ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைத்திருந்தால் இவையெல்லாம் நிகழாதிருக்கலாம் எனச் சிலர் கூறுவர். ஒரு புள்ளியில் தங்கியிருக்கும் வாழ்வை ஒரு கழகம் தானே தேடிக்கொண்டமையே குற்றமென்க. விளையாத நெல்லை விலைபேசி விற்ற கமக்காரன் மழையை நோவதிற் பயனில்லை.

கணக்கு மறைப்பது

இவ்வாபத்து முற்கூட்டியே புலப்படாமைக்குக் கணக்கு முறையும் ஒரு காரணமாகும். ஒரு கழகம் ஓர் ஆட்டக்காரரை 5 கோடி பவுணுக்கு வாங்கி, அவருடன் ஐந்தாண்டு ஒப்பந்தஞ் செய்கிறதென வைத்துக்கொள்வோம். அவ்வாண்டுக் கணக்கில் 5 கோடி செலவாகக் காட்டப்படுவதில்லை. பொறியொன்றின் பெறுமானத் தேய்வைப் பகிர்வது போல, ஆண்டுக்கு 1 கோடியாக ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்தெழுதப்படும். ஆனால் விற்பனையில் வரும் இலாபம் விற்ற ஆண்டிலேயே முழுவதுங் காட்டப்படும். எனவே வாங்கியவரின் சுமை பின்னாண்டுகளில் ஏறிக்கொண்டிருக்க, இவ்வாண்டுக் கணக்கு அழகாகத் தோன்றும்.

இதனால் விளையும் இன்னொரு தீமையும் உண்டு. சிறுவயது முதற் கழகமே பயிற்றி வளர்த்த ஆட்டக்காரருக்கு வாங்கிய விலையென ஒன்றில்லை. ஆகவே அவரை விற்றால் முழுத்தொகையும் இலாபமாகின்றது. கணக்கை நேராக்க வேண்டிய கழகம், தன் மண்ணில் வளர்ந்த பிள்ளைகளையே முதலில் விற்க முற்படுகின்றது.

கடன்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல

கடன் என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்ச வேண்டுவதில்லை. ஆர்சனல் கழகம் ஏறத்தாழ 38,000 பேர் கொள்ளும் தன் பழைய மைதானத்தை விட்டு, 60,000 பேர் கொள்ளும் புதிய அரங்கைப் பெருங்கடன் பெற்று அமைத்து 2006 இல் திறந்தது. சில ஆண்டுகள் சிறந்த ஆட்டக்காரரை விற்றுச் சிக்கனமாக இருக்க நேர்ந்தாலும், அரங்கே தன் கடனை அடைக்கும் வருமானத்தைத் தந்தது. இது கிணறு வெட்டப் பட்ட கடன். தோட்டம் விளைந்து அடைக்கும். ஆட்டக்காரரின் சம்பளத்துக்குப் பட்ட கடனோ உண்டு தீர்த்த கடன். ஆட்டக்காரரின் கால் முறிந்தாலும் வட்டி முறிவதில்லை.

மூன்றாவது வகை ஒன்றுண்டு. 2005 இல் அமெரிக்கரான கிளேசர் குடும்பத்தினர் மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தை ஏறக்குறைய 79 கோடி பவுணுக்கு வாங்கினர். அத்தொகையிற் பெரும்பகுதி கடனாகப் பெறப்பட்டு, அதிற் கணிசமான பங்கு கழகத்தின் தலையிலேயே சுமத்தப்பட்டது. அதுவரை கடனின்றி இருந்த கழகம், தன்னை வாங்கியவர் பட்ட கடனுக்குத் தானே வட்டி செலுத்தலாயிற்று. இக்கடனால் ஓர் ஆட்டக்காரரும் வரவில்லை. ஒரு கல்லும் கட்டப்படவில்லை. இதனை வெறுத்த ஆதரவாளர் சிலர் அவ்வாண்டிலேயே பிரிந்து சென்று, தமக்கெனப் புதுக்கழகம் ஒன்றை நிறுவினர்.

சுமை எவர் தலையில்?

கழகம் நொடிந்தால் முதலில் நட்டப்படுபவர் எவர்? ஆட்டக்காரரோ பிற கழகங்களோ அல்லர். அவர்க்குரியதை முழுமையாகக் கொடுத்த பின்னரே கழகம் லீக்கில் தொடரலாம் என்பது இங்கிலாந்தில் உள்ள விதி. வரித் திணைக்களம் இதனை எதிர்த்து வழக்காடி 2012 இல் தோற்றது. மற்றையோர் எஞ்சியதிற் பங்கு பெறவேண்டியவரே. போட்ஸ்மத் கழகம் 2008 இல் எவ்.ஏ. கிண்ணத்தை வென்றது, இரண்டாண்டு கழியுமுன், 2010 இல், நிருவாகியின் பொறுப்பிற்கு வந்த முதற் பிறீமியர் லீக் கழகமும் ஆயிற்று. அதற்குக் கடன் கொடுத்தோர் பட்டியலிற் கோடிக்கணக்கிற் பெறவேண்டியவரோடு, ஆட்ட நாட்களில் முதலுதவி செய்த சென் ஜோன் அம்புலன்ஸ் சேவையும் இருந்தது. எமது கல்லூரிகளும் நன்கறிந்த அத்தொண்டர் படைக்கு வரவேண்டியது சில ஆயிரம் பவுணே. கோடிகளை வீசிக் கிண்ணத்தை வென்ற கழகம், காயப்பட்டவர்க்குக் கட்டுப்போட்டவர்க்குரிய சிறுதொகையைக் கொடாது விட்டது.

போட்ஸ்மத்தை 2013 இல் ஆதரவாளரே பணஞ் சேர்த்து வாங்கிக் காப்பாற்றினர். பரி என்னும் ஊரின் கழகத்துக்கு அப்பேறு உரிய காலத்திற் கிட்டவில்லை. 1885 இல் தோன்றிய அக்கழகம் 1900 இலும் 1903 இலும் எவ்.ஏ. கிண்ணத்தை வென்றது, பிந்திய இறுதியாட்டத்தில் டார்பி கவுண்டியை 6–0 எனத் தோற்கடித்தது. 2018 இல் அக்கழகம் ஒரேயொரு பவுணுக்குக் கைமாறிற்று. 2019 இல் களத்தில் வென்று மூன்றாம் பிரிவுக்கு ஏறிய அதே ஆண்டில், கடனைத் தீர்க்க வழிகாட்ட இயலாமையால் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. பரம்பரையாகச் சனிக்கிழமைதோறும் மைதானம் சென்ற ஊரவர்க்குச் செல்ல இடமின்றிப் போயிற்று. 2023 இலேயே அக்கழகத்தின் பெயரில் அங்கு மீண்டும் ஆட்டம் நிகழ்ந்தது. அதுவும் லீக்கிற்கு மிகத் தாழ்ந்த ஒரு பிரிவில்.

உறுப்பினரே உடைமையாளராயின்?

தனியார் பேராசையே இவற்றுக்கெல்லாம் காரணம் எனவும், கழகம் உறுப்பினர் கையில் இருப்பின் இவை நேரா எனவும் கருதுவோர் உளர். பார்சலோனா கழகம் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினருக்கே உரியது. 2017 இல் நெய்மாரை 22 கோடியே 20 இலட்சம் யூரோவுக்கு இழந்து பெற்ற பணத்தைப் புதிய ஆட்டக்காரர் மீது கொட்டியது. 2020 இல் நோய்ப்பரவலால் அரங்குகள் மூடப்பட்டபோது சம்பளச் சுமை தாங்கவில்லை. 2021 இற் கடன் 135 கோடி யூரோ எனத் தலைவரே அறிவித்தார். சிறுவனாக வந்து வளர்ந்த லியோனல் மெஸ்ஸியையும் வைத்திருக்க இயலவில்லை. மறு ஆண்டில், லீக் ஆட்டங்களுக்கான தன் ஒளிபரப்பு வருமானத்தின் காற்பங்கை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு விற்றது. உறுப்பினர் வாக்களித்துத் தெரிந்த தலைவர்களும், அடுத்த தேர்தலுக்கு முன் கிண்ணம் வேண்டுமென்றே விரைகின்றனர்.

ஜேர்மனியில் 1998 முதல், சில விதிவிலக்குகள் தவிர, வாக்குகளிற் பாதிக்கு மேல் உறுப்பினரிடமே இருத்தல் வேண்டும் என்பது விதி. அங்கும் பொரூசியா டோட்முண்ட் கழகம் 2005 இல் வங்குரோத்தின் வாயிலுக்கே சென்று மீண்டது. ஆனால் மீண்டபின் இளம் ஆட்டக்காரரை வளர்த்து, 2011 இலும் 2012 இலும் லீக் வெற்றியும் பெற்றது. சிக்கனம் தோல்விக்கு வழியென்பார்க்கு இது தக்க விடை.

பரிகாரம்

போட்டியாற் பிறந்த நோய்க்கு ஒரு கழகம் தனித்து மருந்து காண்டல் அரிது. எல்லார்க்கும் பொதுவான விதியே வேண்டும். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியம் 2022 இல் வகுத்த விதிப்படி, அணிக்கான செலவு வருமானத்தின் 90 வீதத்திலிருந்து படிப்படியாகக் குறைந்து 70 வீதத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் 2023–24 பருவத்தில் எவேட்டன், நொட்டிங்ஹாம் பொறெஸ்ற் ஆகிய கழகங்கள் நட்ட எல்லையைக் கடந்தமைக்காகப் புள்ளிகளை இழந்தன. 2025 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சுயாதீனமான ஒழுங்காளர் ஒருவரை நியமிக்கச் சட்டம் இயற்றியது; கழகங்கள் உரிமம் பெறவும், அவற்றின் உடைமையாளர் தகுதி ஆராயப்படவும் அது வழி செய்கின்றது. பெருங் கழகங்களின் இன்றைய உயர்வை இவ்விதிகள் நிலைபெறச் செய்துவிடும் என்னும் ஆட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று. வருவாயைப் பகிராமற் செலவை மாத்திரம் கட்டுப்படுத்தின், சிறியது என்றும் சிறியதாகவே இருக்கும். எனவே கட்டுப்பாடும் பகிர்வும் ஒருங்கே நடைபெறல் வேண்டும்.

கழகம் என்பது ஓராண்டுக் கிண்ணத்துக்காக ஏற்பட்டதன்று. முன்னிருந்தோர் கொடுத்துச் சென்றதை அனுபவித்து, பின்வருவோர்க்குக் குறையாது கொடுத்துச் செல்வதற்காக ஏற்பட்டது. விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் நம்முன்னோர் மொழி, கோடிகள் புரளும் கழகத்துக்கும், சில நூறு உறுப்பினரைக் கொண்ட ஊர்ச் சங்கத்துக்கும் ஒருங்கே பொருந்தும். இன்று மைதானத்தில் ஆடும் மாணவர் நாளை ஏதேனும் ஒரு சங்கத்தின் தனாதிகாரியாகவோ தலைவராகவோ வரக்கூடும். அன்று அவர்கள், வெற்றிப் பட்டியலைப் பார்க்கும் ஆர்வத்துடன் வரவு செலவுப் பட்டியலையும் பார்ப்பாராயின், அவர்தம் சங்கங்கள் தம் பொன்விழாவையும் வைரவிழாவையும் கடனின்றிக் கொண்டாடும்.