மூன்று பிள்ளைகள், மூன்று தொடக்கங்கள்

ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் செய்த சோதனை நினைவிருக்கிறதா? ஒரு செடி வெளிச்சத்தில், இன்னொன்று இருட்டில், மற்றதெல்லாம் சமம். இப்போது செடிக்குப் பதிலாக, இன்னும் பேச்சு வராத நான்கு வயதுப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு உதவி தந்துவிட்டு, இன்னொரு பிள்ளையை ஒப்பீட்டுக்காக அப்படியே விடலாமா? அந்த வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் கால்வாசி. செடிகளைப்போல் ஒரே மாதிரி இரண்டு பிள்ளைகள் கிடைப்பதும் இல்லை.

ஆய்வாளர்கள் கண்ட வழிகளில் ஒன்றைப் பார்ப்போம். மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். சிற்றுண்டி நேரத்தில் ஒவ்வொருவரும் வேண்டியதைச் சொல்லாலோ சைகையாலோ எத்தனை முறை கேட்கிறார்கள் என்று தினமும் எண்ணி, வரைபடத்தில் குறிக்க வேண்டும். பிறகு முதல் பிள்ளைக்கு மட்டும் பயிற்சி தொடங்கும். சில நாள் கழித்து இரண்டாவது பிள்ளைக்கு, அதன்பின் மூன்றாவது பிள்ளைக்கு. அந்தந்தப் பிள்ளைக்குப் பயிற்சி தொடங்கிய பிறகே அதன் கோடு உயர்ந்தால், காரணம் பயிற்சிதான் என்று சொல்ல இடமுண்டு. மூன்று கோடுகளும் ஒரே நாளில் உயர்ந்தால் சந்தேகப்படுங்கள். அன்று சிற்றுண்டி மாறியிருக்கலாம்!

இதில் மூவருக்குமே உதவி கிடைக்கிறது. ஆனால் மூன்றாவது பிள்ளை எத்தனை நாள் காத்திருக்கலாம்? ஆய்வு தொடங்குமுன் நெறிமுறைக் குழு இதைக் கட்டாயம் கேட்கும்.

எண்ணுவதும் சுலபமில்லை. பிஸ்கட்டை உற்றுப் பார்ப்பது "கேட்டது" ஆகுமா? இருவர் தனித்தனியே எண்ணுவார்கள். குறைந்தது 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும் என்பது வழக்கம்.

இப்படிக் கேள்வி கேட்கவும் அளக்கவும் பழக்குவதுதான் முனைவர் பட்டப் பயிற்சி. சுவா சூ காங்கிலிருந்து அதிகத் தூரமில்லாத நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில், தேசியக் கல்விக் கழகத்தில் கல்வித் துறைக்கான இப்பட்டத்தைப் பெறலாம். பாடங்களைப் படித்து, ஆய்வுத் திட்டத்தை நிபுணர்கள் முன் நியாயப்படுத்தி, ஆய்வேடு எழுதி, அதைப் பற்றிய வாய்மொழிக் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். பல ஆண்டு வேலை இது.

சிங்கப்பூரில் 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். அதற்கு முந்தைய வயதினருக்கு ஆரம்பகாலத் தலையீட்டு நிலையங்கள் உதவுகின்றன.

நமக்கு நெருக்கமான ஒரு கேள்வி இங்கே உண்டு. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையை ஆங்கிலத்தில் சோதித்தால், வாய் திறக்காமல் போகலாம். அது வளர்ச்சித் தாமதமா, மொழிப் பழக்கமின்மையா? பரவலாகப் பயன்படும் சோதனைகள் பலவும் வெளிநாட்டில், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வைத்து அளவிடப்பட்டவை. தமிழில் நம்பகமான சோதனையை உருவாக்க, தமிழும் தெரிந்த, ஆய்வும் தெரிந்த ஒருவர் வேண்டும்.