அமுக்குவான் பேய்

விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. அறை தெரிகிறது; மின்விசிறியின் ஓசை கேட்கிறது. ஆனால் கையை அசைக்க முடியவில்லை. கத்த நினைத்தால் குரல் எழும்பவில்லை. மார்பின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்தது போன்ற பாரம்; கதவோரத்தில் ஓர் உருவம். விடுதி நண்பர்களில் பலர் இதை அறிவர். வெளியே சொல்பவர் சிலரே. நம் ஊரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். தலைமாட்டில் ஓர் இரும்புத் துண்டை வைத்துப் படுக்கச் சொல்வார்கள் பாட்டிமார். ஜப்பானியரும் இதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கின்றனர்: கனாஷிபாரி.

தூக்கம் ஒரே சீரான மயக்கம் அன்று. தூங்குபவரின் மூடிய இமைக்குள் கண்விழிகள் சில வேளைகளில் விரைந்து ஓடுகின்றன என்றும், அப்போது எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகக் கூறுகின்றனர் என்றும் 1953-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவரும், அவருடைய ஆசிரியர் கிளைட்மனும் வெளியிட்டனர். (அசெரின்ஸ்கி தம் எட்டு வயது மகனையே கருவியில் பிணைத்துச் சோதித்தவர்!) இக்கனவுத் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வருகிறது, விடியல் நெருங்க நெருங்க நீளுகிறது.

அப்போது மூளை விழித்திருப்பது போலவே சுறுசுறுப்பாக இருக்கும். உடலோ துவண்டு கிடக்கும். பிரான்சிலுள்ள லியோன் நகரில் மிஷேல் ழூவே என்பவர் 1959-இல் பூனைகளிடம் இதைக் கண்டார். மூளைத்தண்டின் ஒரு பகுதி, தண்டுவடத்தின் வழியே தசைகளுக்குத் தடையுத்தரவு அனுப்புகிறது. பின்னர் அப்பகுதியைச் சிதைத்துப் பார்த்தபோது, பூனை உறங்கியபடியே எழுந்து இல்லாத இரையின்மேல் பாய்ந்தது. கனவில் ஓடும் நாம் கட்டிலை விட்டு எழுந்து ஓடாதது இத்தடையால்தான். கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சை நடத்தும் உதரவிதானமும் இதற்கு விலக்கு.

தடை நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால்? அதுதான் அமுக்குவான். ஆழ்ந்து மூச்சிழுக்க முயல்கிறோம், மார்புத் தசைகள் இணங்குவதில்லை, பாரம் தோன்றுகிறது. கனவின் மிச்சம் கதவோர உருவமாகிறது.

பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. வாழ்நாளில் ஒருமுறையேனும் இதை அனுபவித்தவர் பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர். மாணவரில் 28 பேர்! பேய்க்கு நம்மிடம் ஏன் இத்தனை பாசம்? தேர்வுக்கு முந்திய இரவுகளைக் கேட்டால் தெரியும். தூக்கக் குறைவும், வேளை தவறிப் படுப்பதும், மல்லாந்து உறங்குவதும் இதற்கு வழி திறக்கின்றன. சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் ஒரு தம்பி, அது மீண்டும் வருமோ என்று அஞ்சி மூன்று இரவுகள் கண்விழித்தே கிடந்தான். நான்காம் இரவு வந்தேவிட்டது. தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று அழுதான். விஷயத்தைச் சொன்ன பிறகுதான் தூங்கினான்.

வந்தால் போராட வேண்டாம். மூச்சு நின்றுவிடாது, சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் தானே விலகும். ஒரு விரலை மட்டும் அசைக்க முயல்வது பலருக்குக் கைகொடுக்கிறது. பகலில் அடக்க முடியாத தூக்கமும், வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவளுவதும் உடன் இருந்தால் மட்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது நார்கொலெப்சி என்னும் வேறு நோயாக இருக்கலாம்.